உயிர்காக்கும் கைகளுக்கு உரிய சான்று

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரின் மூச்சுவழியைத் திறந்து, குருதிப்பெருக்கை அடக்கி, மருத்துவமனை வாயில்வரை உயிரைக் கொண்டு சேர்ப்பவர் அவசர ஊர்தியின் மருத்துவ உதவியாளர். அத்திறன் எந்நாட்டிலும் வேண்டப்படுவதே. எனினும் பிறந்த நாட்டில் அவர் பெற்ற சான்று, எல்லை கடந்ததும் பெரும்பாலும் செல்லாமற்போகிறது. பிற நாட்டில் தம் தொழிலையே தொடர விரும்பும் ஒருவர் எந்த அளவுகோலால் அளக்கப்படவேண்டும் என்பது இன்று நம் அரசுகள் ஆழ்ந்து எண்ணவேண்டிய வினா.

அயல்நாடுகளின் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் இத்தொழிலர்க்குரிய ‘பாராமெடிக்’ என்னும் பெயரையே சட்டம் காக்கிறது. உரிய மன்றத்தில் பதிவு பெறாதவர் அப்பெயரைச் சூடிக்கொள்வது குற்றம். 2021 செப்டம்பர் முதல் அத்தொழிலுக்கான கல்வித் தகுதி பட்டப்படிப்பாக உயர்ந்துள்ளது. ஆஸ்திரேலியா 2018 டிசம்பர் 1 முதல் நாடு முழுமைக்கும் ஒரே பதிவேட்டைப் பேணுகிறது. கனடாவிலோ மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. வளைகுடா நாடுகள் பல, சான்று வழங்கிய நிறுவனத்திடமே டேட்டாஃப்ளோ என்னும் சரிபார்ப்பு நிறுவனத்தின் வழியாக உண்மையை உசாவி, அதன்மேல் உரிமத் தேர்வும் கேட்கின்றன.

பணியின் இயல்பும் எங்கும் ஒன்றாக இல்லை. பிரான்சில் கடும் நெருக்கடியின்போது மருத்துவரே ஊர்தியில் விரைகிறார். ஜெர்மனியில் 2014 முதல் இப்பணிக்கு மூன்றாண்டுப் பயிற்சி கட்டாயம். பிரிட்டனின் பாராமெடிக், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதா, வீட்டிலேயே விட்டுவருவதா என்பதைத் தாமே முடிவு செய்யும் பொறுப்புடையவர். தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய 108 சேவையின் உதவியாளரோ, செவிலியப் படிப்போ உயிரியல் சார்ந்த பட்டமோ முடித்து, சில வாரப் பயிற்சி பெற்று, வேண்டும்போது கட்டுப்பாட்டு மைய மருத்துவரிடம் தொலைபேசியில் அறிவுரை கேட்டுச் செயற்படுகிறார். இவ்விருவரையும் சோதனையின்றிச் சமமெனக் கொள்ளக் கோருவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி. அதை நாம் கோரவில்லை.

நாம் கோருவது வேறு. குறை எங்கே உள்ளது என்று அளந்து, அக்குறையை மட்டும் நிரப்ப வழிதரவேண்டும். பாடநூலில் இல்லாத பட்டறிவைப் பூச்சியமாகக் கணக்கிடுவது அறமன்று. ஓடும் ஊர்தியில் பேறு பார்த்தவரையும், பாம்பு தீண்டியவரைத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு உயிரோடு சேர்த்தவரையும், இத்துறையில் அடியெடுத்து வைக்காதவரோடு ஒரே வரிசையில் நிறுத்துவதால் எந்த நாட்டுக்கும் நன்மையில்லை.

வரலாறு இதற்குச் சான்று தருகிறது. 1967-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவை தோன்றியது. அதன் பயிற்சியை வகுத்தவர் வியன்னாவிலிருந்து குடிபெயர்ந்த மருத்துவர் பீட்டர் சஃபார். பயிற்சி பெற்றோர் வேலையற்றிருந்த கறுப்பின மக்கள். உயர்கல்வி எட்டாதவர் அவர்களுள் பலர். அந்நாட்டின் அவசர மருத்துவப் பணிக்கே அவர்கள் முன்மாதிரி ஆயினர். ஆனால் 1975-இல் நகர நிர்வாகம் அப்பணியைத் தானே ஏற்றபோது, புதிய தேர்வுகளும் விதிகளும் அவர்களுள் பலரை வெளியேற்றின. செய்துகாட்டிய பணியைக் கணக்கில் கொள்ளாத தகுதி விதி, தகுதியுடையோரையே இழக்கும் என்பதே அந்நிகழ்வு தரும் பாடம்.

நம்பிக்கை ஏற்படும் இடத்தில் கதவு திறக்கவே செய்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1998 முதல் ஒன்றன் தொழிற்பதிவை மற்றொன்று ஏற்கும் உடன்பாட்டில் உள்ளன. நியூசிலாந்தும் பாராமெடிக்குகளுக்குச் சட்டப்படியான பதிவேட்டை அமைத்த பின்னர், அவ்வழி இத்தொழிலுக்கும் அகன்றது. இரு பக்கமும் பதிவேடு இருந்தமையே அதற்கு அடிப்படை.

அந்த அடிப்படைதான் நம்மிடம் இன்னும் உறுதிப்படவில்லை. இணை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் நிறைவேறியது. அவசர மருத்துவ நுட்பவியலாளர் அதன் அட்டவணையில் இடம்பெற்றுள்ளார். மைய, மாநிலப் பதிவேடுகளுக்கும் அச்சட்டம் வழிசெய்கிறது. ஆயினும் செயலாக்கம் தளர்ந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியதாயிற்று. சட்டம் இருந்தும் பதிவு இல்லையெனில், அயல்நாட்டு மன்றம் எந்த ஏட்டைப் புரட்டி நம்மவரின் தகுதியை அறியும்?

ஆகவே, பாடத்திட்டமும் பயிற்சி நேரமும் ஒருசீராக வரையறுக்கப்படவேண்டும். ஒவ்வோர் உதவியாளரும் கையாண்ட நேர்வுகளின் பதிவேடு சான்றொப்பத்துடன் அவர் கையில் இருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து சரிபார்ப்புக் கடிதம் வந்தால் பயிற்சி நிறுவனங்கள் காலந்தாழ்த்தாது மறுமொழி தரவேண்டும். ஏற்கும் நாடுகளோ, எஞ்சிய பாடங்களை மட்டும் கற்பிக்கும் இணைப்புப் பயிற்சியைத் தாங்கத்தக்க கட்டணத்தில் நடத்தவேண்டும்.

இவ்வாறு வழி திறந்தால் நம் ஊர்திகள் ஆளின்றி நிற்குமே என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் பொய்யன்று. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வகுத்த நன்னடத்தை நெறி, குடிபெயரும் உரிமையை மதிப்பதோடு, ஆளனுப்பும் நாட்டின் நலவாழ்வு அமைப்பு நலிவுறாமற் காக்கும் கடமையையும் வலியுறுத்துகிறது. ஆனால் சான்றை மறுத்து ஒருவரை ஊரில் இருத்தி வைப்பது அதற்கு வழியாகாது. நிறைவான ஊதியமும் பணி உயர்வும் பாதுகாப்பும் தந்து இருத்துவதே நேர்மையான வழி. அதே பதிவேடு இங்கேயே பணியாற்றுவோர்க்கும் தொழில்மதிப்பைத் தரும். அவர் கையில் உயிரை ஒப்படைக்கும் நோயாளிக்கும் காப்பாகும்.

இதற்கெனப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இயற்றிய சட்டத்தை மைய அரசும் மாநில அரசும் முழுமையாக நடைமுறைப்படுத்தவேண்டும். அதை இனியும் தள்ளிப்போடுதல் தகாது.