பெட்டியின் மேல் எழுதப்படும் விலை

பெங்களூரில் எங்கள் கிளையின் வாடிக்கையாளர்களுள் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் உண்டு. பழைய ஊற்றுப் பேனாக்களைத் தேடிச் சேர்த்துப் பழுதுபார்ப்பது அவரது பொழுதுபோக்கு. சென்ற ஆண்டு ஒருநாள் இரண்டு காகிதங்களுடன் வந்தார். ஒன்று, ஜெர்மனியிலிருந்து அவருக்கு வந்த பார்சலின் விலைப்பட்டியல். அதில் ‘அன்பளிப்பு, 10 யூரோ’ என்று எழுதியிருந்தது. மற்றொன்று கூரியர் நிறுவனத்தின் கடிதம். பொருளுக்குப் பணம் செலுத்தியதற்கான வங்கிச் சான்றைச் சுங்க அதிகாரி கேட்கிறார் என்றது. அவருடைய கிரெடிட் கார்டு அறிக்கையை அச்சிட்டுக் கொடுத்தோம். அதில் இருந்த தொகை 159 யூரோ.

“இதைக் கொடுத்தால் பொய் வெளிப்படும், கொடுக்காவிட்டால் பார்சல் வராது” என்றார் அவர். அன்பளிப்பு என்று எழுதும்படி விற்பனையாளரைக் கேட்டுக்கொண்டவரும் அவரேதான். நண்பர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. உள்ளங்கையில் அடங்கும் நான்கு நிப்புகளுக்கும், அவற்றின் அடியில் மை கடத்தும் கட்டைகளுக்கும், பொருளின் விலையை நெருங்கும் அளவுக்குக் கூடுதல் செலவு வந்தால் யாருக்கும் ஆத்திரம் வரும். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, சொந்த உபயோகத்துக்கென்று தபாலிலோ கூரியரிலோ வரும் பொருள்களுக்கு அடிப்படைச் சுங்க வரி 35 சதவீதம், அதன் மீது சமூகநலக் கூடுதல் வரி, எல்லாவற்றின் மீதும் 28 சதவீத ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி என்று நூறு ரூபாய்க்கு 77 ரூபாய் 28 காசு வரை போனது. அண்மைய பட்ஜெட்களில் அடிப்படை வரி இறங்கியிருக்கிறது என்பது ஆறுதல். நாம் ஆர்டர் கொடுத்த நாளின் வீதம் இங்கே கணக்கில் வராது; பார்சல் இந்தியாவுக்கு வந்து சுங்க அதிகாரியின் முன் ஆவணம் வைக்கப்படும் நாளின் வீதமே பொருந்தும்.

ஆனால் அன்பளிப்பு என்ற வழி 2019 டிசம்பர் 12ஆம் தேதியே அடைபட்டுவிட்டது. தபாலிலும் கூரியரிலும் அன்பளிப்பு என்ற பெயரில் வரிவிலக்குக் கோரிப் பொருள் இறக்குவதை அன்று வெளியான அறிவிக்கை தடை செய்தது. உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறும் மட்டுமே விலக்கு. அன்பளிப்பாகவே வந்தாலும் முழு வரி செலுத்திப் பெறலாம், அவ்வளவுதான். அமெரிக்கப் பொழுதுபோக்காளர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, குறைந்த விலைப் பார்சல்களுக்கு வரியே இல்லை என்று நம்புவோர் இங்கே பலர். அங்கேயே அந்த 800 டாலர் விலக்கு 2025 ஆகஸ்ட் 29உடன் முடிந்துவிட்டது. நம் நாட்டில் உள்ளது, வரி 100 ரூபாயோ அதற்குக் குறைவோ ஆனால் வசூலிப்பதில்லை என்ற சிறு சலுகைதான். ஒரு ஸ்பிரிங்குக்கும் இரண்டு திருகுகளுக்கும் அது போதும்.

விலையைக் குறைத்து எழுதுவது சுங்கச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி பொருளைப் பறிமுதல் செய்வதற்கே காரணமாகலாம், அபராதம் தனி. வங்கியில் இருப்பவர்களாக எங்களுக்கு உறுத்துவது வேறொன்று. பார்சல் வழியில் தொலைந்தால், காப்பீடும் இழப்பீடும் அந்த 10 யூரோவைப் பார்த்துத்தான் பேசும். பொருள் உடைந்து வந்தது, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கார்டு பரிவர்த்தனையை ஆட்சேபித்து எங்களிடம் மனு கொடுக்கும்போது, நீங்கள் இணைக்கும் விலைப்பட்டியலே உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும். அத்தகைய மனுவை வலுவாக எழுத எங்களால் இயலாது.

செலவைக் குறைக்க நேர்வழிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. பொய் விலை மிச்சம் பிடிப்பதைவிட அவை குறைவானவை என்றும் நாங்கள் நினைக்கவில்லை. பேராசிரியரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கடையின் இணையதளத்தில் நிப்புகளின் விலை 119 யூரோ. அதில் 19 யூரோ ஜெர்மனி நாட்டு மதிப்புக்கூட்டு வரி. ஏற்றுமதியாகும் பொருளுக்கு அந்த வரி கிடையாது. ஆர்டருக்கு முன் ஒரு மின்னஞ்சலில் கேட்டிருந்தால், பல கடைகள் அதைக் கழித்துக்கொண்டே பில் போடும். 1,900 ரூபாய் மிச்சம். கேட்காவிட்டால் இரட்டை நட்டம்: ஜெர்மானிய வரியையும் சேர்த்த தொகையின் மீது நம் சுங்க வரி விழுகிறது. பிரிட்டனில் இந்த வரி 20 சதவீதம்.

அடுத்தது அனுப்பும் செலவு. சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் அன்று. அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த மதிப்புக்கு விதிக்கப்படுகிறது. விமானத்தில் வரும் பொருளுக்கு, அனுப்பும் செலவாகப் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. பேராசிரியர் கொடுத்த 40 யூரோவில், வரி நீங்கிய 100 யூரோ விலைக்கு 20 யூரோவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம். ஆக மதிப்பு ஏறத்தாழ 12,112 ரூபாய். கூரியர் நிறுவனம் அனுப்பும் ரசீதில் முழு 4,000 ரூபாயும் ஏறியிருந்தால், எழுதிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கூரியர் நிறுவனங்கள் வரியை உங்களுக்காக முன்கூட்டிக் கட்டிவிட்டு அதற்கென ஒரு கட்டணமும் வாங்குகின்றன. சிறு பார்சலில் இது வரியையே நெருங்கிவிடுவதுண்டு. அவசரமில்லாத பொருளுக்கு அரசுத் தபால் வழி பெரும்பாலும் மலிவு; சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். நாற்பது வயதுப் பேனாவுக்கு மூன்று வாரம் பெரிதில்லை என்பது எங்கள் எண்ணம். விற்பனையாளர் வரியையும் சேர்த்து முன்கூட்டியே வசூலித்திருந்தால், அதைக் காட்டும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாசலில் மீண்டும் கேட்டால் அதுதான் கைகொடுக்கும்.

எங்கள் கட்டணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டுப் பணத்தில் கார்டு செலுத்தினால், பெரும்பாலான கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் மாற்றுக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 14,000 ரூபாய்க்கு 3.5 சதவீதம் என்றால் 490 ரூபாய், வரி 88 ரூபாய். குறைந்த கட்டணக் கார்டு உங்களிடம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ‘ரூபாயிலேயே செலுத்தலாம்’ என்று கடையின் பக்கம் ஆசை காட்டினால் பெரும்பாலும் மறுப்பதே நல்லது. அங்கே மாற்று விகிதத்தை நிர்ணயிப்பவர் வேறொருவர், அது அரிதாகவே நமக்கு லாபமாக அமைகிறது.

பேனாவுக்கு இல்லாத சிக்கல் ரேடியோ விமானம் செய்வோருக்கு உண்டு. முழு டிரோனையும், பிரித்த நிலையில் முழுத் தொகுப்பாக வருவதையும் இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி முதல் தடை, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. ரேடியோ அலை வெளியிடும் ரிமோட் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதல் கேட்டு நிறுத்திவைப்பதுண்டு. நின்ற பார்சலுக்கு நாள்தோறும் கிடங்கு வாடகை ஏறும். அனுமதி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் விசாரிப்பதே மலிவு.

இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. பார்சலுக்காகக் காத்திருக்கும் மனநிலையை மோசடிக்காரர்கள் நன்கு அறிவார்கள். ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த இணைப்பில் பணம் கட்டுங்கள்’ என்று குறுஞ்செய்தி வரும். பார்சலில் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கிறது என்று மிரட்டும் அழைப்பும் வரும். விலையைப் பொய்யாக எழுதச் சொன்னவர் அந்த அழைப்பில் எளிதாக நடுங்கிவிடுகிறார். உண்மையான கணக்கு எழுதியவர், பார்சல் எண்ணைத் தாமே நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுகிறார். சுங்க அதிகாரி தனிநபர் கணக்கில் பணம் கேட்பதில்லை. கட்டிவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் கிளைக்கும் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியிலும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

பேராசிரியர் அன்று அறிக்கையையும், சரியான விலையை எழுதிய ஒரு விளக்கக் கடிதத்தையும் கூரியர் நிறுவனத்துக்கு அனுப்பினார். வரி, அபராதம், கிடங்கு வாடகை எல்லாம் கட்டிய பிறகு நிப்புகள் வந்து சேர்ந்தன. இப்போது ஓராண்டுக்கு வேண்டியதை ஒரே பட்டியலாக எழுதிவைக்கிறார். நண்பர்களுக்கும் சேர்த்து நாற்பது நிப்பு வாங்கலாமா என்று சென்ற மாதம் கேட்டார். ஒரே பொருள் அத்தனை எண்ணிக்கையில் வந்தால் அது சொந்த உபயோகமா, வியாபாரமா என்ற கேள்வி எழும் என்றோம். பட்டியலை ஆறாகக் குறைத்துக்கொண்டு போனார்.