நான்கில் ஒன்று

சமூக அறிவியல் முதுகலை வகுப்புகளுக்கான நுழைவுத் தேர்வைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுதுவது இட விரயம் என்று நம் நண்பர்கள் சிலர் கருதுகிறார்கள். அதெல்லாம் கல்வி அதிகாரிகளும் மாணவர் சங்கங்களும் கவலைப்பட வேண்டிய விஷயம், நாம் கவிதையையும் விமர்சனத்தையும் கவனித்தால் போதும் என்பது அவர்கள் கட்சி. அல்தூஸரையும் ஃபூக்கோவையும் உதிர்க்காமல் ஒரு முன்னுரைகூட எழுத வராத வட்டம் இப்படிச் சொல்வது வேடிக்கைதான். அந்தச் சிந்தனைகளெல்லாம் ஒரு விவசாயக் கூலியின் மகளுக்கு எந்த வாசல் வழியாகக் கிடைக்கும், அந்த வாசலில் இன்று அவளிடம் என்ன கேட்கிறார்கள் என்பது நம் அக்கறைக்கு வெளியே இருக்குமானால் நம்முடைய சமூகப் பிரக்ஞை வெறும் அச்சு மை.

முதலில் விவரங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு 2022ல் வந்தது. டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் அதற்குள் போயிற்று. மும்பையில் 1936ல் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் தான் தனியே நடத்திவந்த தேர்வைக் கைவிட்டு 2024ல் அதே வரிசையில் சேர்ந்துகொண்டது. 2025ல் இத்தேர்வில் ஒரு தாளுக்கு 75 கேள்விகள், 90 நிமிடங்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 கழியும். ஆக, ஒரு கேள்விக்கு 72 விநாடி. திரையில் நான்கு விடைகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாணவர் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதவேண்டிய இடம் இத்தேர்வில் எங்கும் கிடையாது. சமூகவியலுக்கும் இதே, வரலாற்றுக்கும் இதே, அரசியல் விஞ்ஞானத்துக்கும் இதே. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2019ல் கணினித் தேர்வு நுழையும் முன்பு, இதே படிப்புகளில் சேர உட்கார்ந்து கட்டுரை எழுத வேண்டியிருந்தது.

கேள்விகளின் சுபாவத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் நான்கு நூல்கள், மறுபக்கம் நான்கு ஆசிரியர்கள், பொருத்துக. நான்கு சம்பவங்கள், கால வரிசைப்படுத்துக. ஒரு கூற்று, ஒரு காரணம், இரண்டும் சரியா அல்லது ஒன்று மட்டுமா. இந்த முறையில், ஆந்த்ரே பெத்தேய்க்கு நேராக ஸ்ரீபுரத்தைப் பொருத்துகிறவருக்கு 4 மதிப்பெண் சேரும். ஸ்ரீபுரம் என்பது தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு அவர் இட்ட புனைபெயர். 1960களின் தொடக்கத்தில் அங்கே தங்கி ஆராய்ந்து, சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய தம் நூலை 1965ல் வெளியிட்டார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் சேரி மக்களோடு தாராளமாகப் பழகத் தமக்கு வாய்க்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். ஆராய்ச்சியாளன் குடியிருந்த தெரு அவன் கண்ணில் பட்டதை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பது சமூகவியலின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. 72 விநாடியில் அதற்குப் பதில் சொல்ல முடியாது, நான்கு விடைகளுக்குள் அதை அடைக்கவும் முடியாது. ஆகவே கேட்பதில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண் அதே டெல்டாவில் ஒரு சேரியில் பிறந்தவள். அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் வரலாறு படித்து முடித்து, முதுகலை சமூகவியலுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒரு நாள் பேச்சுவாக்கில் ஸ்ரீபுரம் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். "அவரு ஏன் சார் சேரியில வந்து தங்கல? தங்கியிருந்தா அப்புறம் அக்கிரகாரத்துக்காரங்க அவருகிட்ட பேசியிருப்பாங்களா?" என்றாள். இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கூர்மையானது. குற்றம் சாட்டுவதில் ஆரம்பித்து, மறு வாக்கியத்திலேயே களப்பணியின் சிக்கலுக்குள் வந்துவிட்டாள். தன் ஊரிலிருந்தே தெரிந்துகொண்ட விஷயம் அது. அடுத்த இரண்டு மாதம் அவள் படித்ததெல்லாம் பொருத்துக அட்டவணைகள். இந்த இரண்டு வாக்கியங்களைப் பேசியவளைத் தேர்வு சந்திக்கவே இல்லை. அவளுக்கு இடம் கிடைத்ததா என்பதை வேண்டுமென்றே இங்கே சொல்லவில்லை. கிடைத்திருந்தாலும் அவளுடைய எந்தத் திறமைக்காகக் கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு உதாரணம், நம் நண்பர்களுக்காக. எம். என். ஸ்ரீனிவாஸ் 1948ல் மைசூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தங்கிக் களப்பணி செய்தார். பல வருஷங்களாக வகைப்படுத்தி வைத்திருந்த குறிப்புகள் 1970ல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் எரிந்துபோயின. அதன்பின் பெரும்பாலும் நினைவை நம்பி அவர் எழுதிய நூல் 1976ல் வெளிவந்தது. தேர்வுக்கு வேண்டியது 1976 என்ற எண். நினைவிலிருந்து எழுந்த ஒரு கிராமம் எந்த அளவுக்கு அறிவியல், எந்த அளவுக்கு இலக்கியம் என்ற கேள்வி, யதார்த்த நாவலைப் பற்றி இந்தப் பக்கங்களில் நாம் வருஷக்கணக்காகப் போடும் சண்டைக்குப் பங்காளி முறை. அதையும் கேட்பதில்லை.

அடுத்தது மொழி. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் 2009ல் வந்தது. அங்கே பொருளியலோ சமூகப்பணியோ முதுகலை படிக்க விரும்புகிறவருக்கும் இந்தத் தேர்வுதான் வாசல். இளங்கலைக்கான பொதுத் தேர்வை 13 மொழிகளில் நடத்துகிறார்கள். தமிழும் அதில் ஒன்று. முதுகலைத் தேர்விலோ, மொழிப்பாடங்கள் போன்ற சிலவற்றை விட்டால், கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. இளங்கலைப் படிப்பு முடிவதற்குள் ஒருவருக்குத் தமிழில் யோசிக்கும் பழக்கம் போய்விடும் என்று எந்த நிபுணர் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. 2022 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் பொது நுழைவுத் தேர்வை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. நியாயமான தீர்மானம். ஆனால் அதன் கவலை பிளஸ் டூ மதிப்பெண்ணோடு நின்றது. காவிரிக் கரையில் நிற்கும் பல்கலைக்கழகத்தில் சேர, அந்தக் கரையில் பிறந்தவள் தன் மொழியில் கேள்வியைக்கூடப் படிக்க முடியாது என்பது இன்னும் யாருடைய மேடைப் பேச்சுக்கும் பொருளாகவில்லை.

எதிர்க் கட்சியின் வாதம் பலவீனமானது அல்ல. கட்டுரையைத் திருத்துவது மனிதன், மனிதனுக்குச் சாதி உண்டு. கணினிக்கு இல்லை என்கிறார்கள். வாஸ்தவம். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலேயே அப்துல் நஃபே குழு 2016ல் ஆராய்ச்சிப் படிப்புச் சேர்க்கையைப் பரிசீலித்து, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்முக மதிப்பெண்ணுக்கும் இடையே சமூகப் பிரிவுவாரியாகத் தொடர்ந்து வித்தியாசம் தெரிவதையும், அது பாரபட்சத்தைக் காட்டுவதையும் எடுத்துச் சொல்லிற்று. ஆனால் கவனியுங்கள்: அங்கே சந்தேகத்துக்கு உள்ளானது முகம் பார்த்துப் போட்ட மதிப்பெண். பெயர் தெரியாத விடைத்தாளில் எழுதியது அந்த மாணவர்களுக்குச் சாதகமாகத்தான் நின்றது. பாரபட்சத்துக்கு மருந்து பெயரை மறைப்பது, ஒரு தாளை இருவர் திருத்துவது. மாணவனின் வாயை மறைப்பது எப்படி மருந்தாகும்?

கட்டுரைத் தேர்வு என்றவுடன் நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் செமஸ்டர் தாளைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆசிரியர் தந்த நோட்ஸை அப்படியே இறக்கிவைப்பதற்குப் பெயர் கட்டுரை அல்ல. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் நோக்க அறிக்கையையும் நான் சிபாரிசு செய்யவில்லை. தன் வறுமையை விலைப்பட்டியல் போட்டுக் காட்டும் ஒரு வித்தையாக அது ஆகிவிட்டது. இப்போது அதை யந்திரமே எழுதியும் கொடுக்கிறது. நான் கேட்பது சிறியது. தேர்வு அறையில் இரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், எழுதுகிறவருக்குத் தெரிந்த மொழியில்.

லட்சக்கணக்கானவர்களுக்கு இது சாத்தியமில்லை என்பார்கள். எல்லோருக்கும் வேண்டியதில்லை, முதல் சல்லடைக்கு நான்கு விடையே இருந்துவிட்டுப் போகட்டும். இந்திய ஆட்சிப் பணித் தேர்வு அப்படித்தான் நடக்கிறது. முதற்கட்டம் தாண்டிய ஆயிரக்கணக்கானோர் முதன்மைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழி எதிலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். பெயர் மறைத்துத் திருத்துகிறார்கள். ஆள வருகிறவனுக்குத் தாய்மொழியில் எழுத வசதி செய்த அரசாங்கம், அந்த ஆட்சியைப் பற்றிக் கேள்வி கேட்கப் படிக்க வருகிறவளுக்கு மட்டும் ஒரு வெற்றுத் தாளைத் தர முடியாது என்கிறது. இது வசதிக் குறைவால் வந்தது என்று நம்ப எனக்கு இயலவில்லை.

இனி நம் பங்கு. நா. வானமாமலை 1969ல் 'ஆராய்ச்சி'யைத் தொடங்கியபோது அவருக்குப் பின்னால் பல்கலைக்கழகத் துறை எதுவும் இல்லை. கதைப்பாடலையும் சடங்கையும் சாதியையும் தமிழிலேயே ஆராய முடியும் என்று காட்டினார். தமிழவனின் அமைப்பியல் நூல் 1982ல் வந்தபோது அதைப் படித்துச் சண்டை போட்டதும் இப்படியொரு சிறு வட்டம்தான். தமிழில் சமூக அறிவியலின் கலைச்சொற்கள் பலவும் வகுப்பறையில் அல்ல, இத்தகைய பத்திரிகைகளில்தான் பிறந்தன. பிற்பாடு நாம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிற்பதையே ஒரு பட்டம் போல் குத்திக்கொண்டு, உள்ளே நுழையத் தவிப்பவர்களைக் காரியவாதிகள் என்று ஏளனம் செய்யப் பழகிவிட்டோம். பட்டம் வாங்கி முடித்தவனுக்குப் பட்டத்தை இகழ்வது சுலபம். தமிழில் சமூக அறிவியல் எழுத முடியாது, ஆகவே தமிழில் தேர்வு வேண்டாம் என்று ஓர் அதிகாரி நாளை சொன்னால், எதிரே எடுத்துவைக்க நம்மிடம் அண்மைக் காலத்தில் எத்தனை கட்டுரைகள் தேறும்?

ஒவ்வொரு இதழிலும் எட்டுப் பக்கம் இதற்கு ஒதுக்கலாம். மொழிபெயர்ப்பாக இருக்கட்டும், களக் குறிப்பாக இருக்கட்டும், ஓர் இளங்கலை மாணவர் கையில் கொடுக்கக் கூடியதாக இருக்கட்டும். கவிதைக்கு இடம் குறையும் என்று அஞ்சுகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுதுவதன் மூலம்தான் யோசிக்கிறோம் என்று நாம் ஓயாமல் சொல்லிவருகிறோம். சமூகத்தைப் பற்றி யோசிக்க வருகிறவர்களின் தேர்விலிருந்து எழுதுவதையே எடுத்துவிட்டார்கள். அதைக் கண்டு நமக்கு ஒன்றும் தோன்றவில்லையென்றால், எழுத்தைப் பற்றி நாம் இதுவரை பேசியதெல்லாம் எதற்கு?