எந்தக் கரை நல்ல கரை?

கண்டிப் பக்கத்தில் ஆசிரியராக இருக்கும் என் மைத்துனரிடமிருந்து சென்ற வாரம் ஒரு கடிதம் வந்தது. “மச்சான், டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு பாசிக்குடாவுக்கு வர எண்ணியிருக்கிறோம். குடும்பத்தோடு தங்குவதற்கு நல்ல விடுதி எது என்று பார்த்து எழுதுங்கள்” என்று கேட்டிருந்தார். நான்கைந்து விடுதிகளின் விளம்பரப் படங்களும் உடன் இருந்தன. எல்லாப் படங்களிலும் நீச்சல் தடாகம் பெரிதாகத் தெரிந்தது. கடலோ மூலையில் ஒரு நீலக் கோடாக ஒதுங்கிக் கிடந்தது.

ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்து, வாழைச்சேனை வழியாகக் கடலை நோக்கிச் சென்றால் சிறிது நேரத்தில் பாசிக்குடாவை அடைந்துவிடலாம். ஒரே இரும்புப் பாலத்தின்மேல் புகையிரதமும் மோட்டார் வண்டியும் முறைவைத்துச் சென்ற நாளிலிருந்து அவ்வழியே போய்வருகிறவன் நான். ஆயினும், எந்த விடுதி நல்லது என்னும் கேள்விக்கு என்னால் உடனே விடை எழுத முடியவில்லை. கேள்வியே சற்றுத் தலைகீழாக இருப்பதாகப்பட்டது. முதலில் கடலைத் தெரிய வேண்டும். பிறகு காலத்தைத் தெரிய வேண்டும். அறையைத் தெரிவது அதற்கும் பின்னரே.

பாசிக்குடாவின் பெருமை அதன் ஆழமின்மை. பிறைபோல் வளைந்த குடாவைப் பவளப் பாறைகள் காத்து நிற்பதால் அலை அடங்கிவிடுகிறது. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவே நிற்கும். அடுத்திருக்கும் கல்குடா அப்படியன்று. அது திறந்த கரை. அங்கே நீரும் ஆழம், அலையும் வலிது. நீந்தத் தெரிந்த இளைஞனுக்கு அது இன்பமாகலாம். ஐந்து வயதுக் குழந்தையின் கையைப் பிடித்து நிற்கும் தாய்க்கு ஆகாது.

இனிக் காலம். டிசம்பரில் எங்கள் பக்கம் வாடைக் காற்றும் பெருமழையும் ஆட்சி செய்யும். கடல் கலங்கிக் கிடக்கும். அதே வேளையில் காலிப் பக்கத்து உனவட்டுனவும் ஹிக்கடுவையும் பொதுவாக அமைதியாக இருக்கும். ஏப்பிரல் தொடங்கிச் செப்டெம்பர் வரை நிலைமை மாறிவிடும்; மேற்கே கடல் சீற, எங்கள் கடல் அடங்கும். ஆகவே ஆகஸ்டு விடுமுறைக்குக் கிழக்கு, டிசம்பர் விடுமுறைக்குத் தென்மேற்கு என்பது இந்தச் சிறிய தீவு நமக்குத் தந்திருக்கும் எளிய கணக்கு. ஆகஸ்டிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அப்போது கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். காற்றடைத்த வளையத்தில் பிள்ளையை இருத்தி விட்டுவிட்டுப் பராக்குப் பார்த்தல் கூடாது. ஆழமற்ற நீரும் அவ்வளையத்தை அப்பால் கொண்டுபோய்விடும்.

‘குடும்பத்துக்கு உகந்தது’ என்று விளம்பரம் சொல்லும்போது, எந்தக் குடும்பத்துக்கு என்று கேட்பது தவறாகாது. நம் குடும்பம் நான்கு பேரோடு முடிவதில்லை. முழங்கால் நோவோடு வரும் மூதாட்டி நிழலில் அமர ஒரு திண்ணை வேண்டும். உடுத்த உடையோடு கடலில் இறங்கும் பெண்களுக்கு ஈரம் மாற்ற ஓர் அறை வேண்டும். தொழ ஓர் இடமும், சட்டியில் கொண்டுவந்த சோற்றைக் கூச்சமின்றிப் பகிர்ந்துண்ண ஒரு மரநிழலும் வேண்டும். இவை பெருஞ்செலவுக்குரியவை அல்ல. ஆனால் இவை இல்லாத இடம் எத்துணைப் பளிங்கு பதித்ததாயினும் நமக்கு அந்நியமே.

இக்கரை சும்மா கிடைத்த கரையுமன்று. 1978 நவம்பரில் சூறாவளி இதைப் புரட்டியது. பின்னர் போர் வந்து உல்லாச விடுதிகளைப் பாழாக்கியது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடலே எழுந்து வந்தது. பழந்தமிழர் நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்ததைப் பாடசாலையில் சூத்திரமாக மனனம் செய்தேன். அதன் பொருளை அந்த டிசம்பரில்தான் அறிந்தேன். அன்று முதல் கடலில் கால் நனைக்காத முதியோரும் எம்மிடையே உளர். 2009இல் போர் ஓய்ந்த பின் குடாவைச் சுற்றிப் புதிய விடுதிகள் வரிசையாக எழுந்தன. வேலை வந்தது, விளக்கு வந்தது. அதை நான் குறை கூறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவதும் முறையன்று. பேருந்துகளில் வரும் எளிய மக்கள் பொதுக்கரையின் ஒரு பகுதியில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நீண்ட வளைவின் எஞ்சிய பகுதியை விடுதிகளின் மதில்களே பார்த்திருக்கின்றன. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பரப்பைக் கரையோர வலயமாக வகுத்து அரசின் காவலில் வைத்தது. வாசலுக்கு வாசல் காவலாளி நிற்க, கரைக்குப் போகும் வழி மட்டும் ஒடுங்குமாயின், அக்காவல் யாருக்காக? விருந்தினருக்குத் தடாகம் கட்டுகிறோம். இவ்வூர்ப் பிள்ளைக்கு ஓர் உடைமாற்றும் அறையும், நிழற்குடையும், உயிர்காக்கும் காவலரும், கரைக்குச் செல்ல அகன்ற வழியும் போதும். அவற்றை முதலில் செய்வோமாக.

மைத்துனருக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “டிசம்பரில் வேண்டாம், ஆகஸ்டில் வாருங்கள். ஊராரும் வழிப்போக்கரும் தடையின்றிக் கரைக்குச் சென்றுவர வழிவிட்டிருக்கும் விடுதியாகப் பார்த்துத் தங்குங்கள். அப்படி ஒன்று கிடைக்காவிடின் ஓட்டமாவடியில் எங்கள் வீடு இருக்கிறது; மாமிக்குத் திண்ணையும் இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்பலாம்.”

நல்ல கரையைத் தெரிவதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான்: வந்த பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே நீரில் நின்று விளையாட முடிகிறதா? முடியுமானால் அதுவே நல்ல கரை.