ஏலத்தின் ஏலம்

ஏலம் என்னுஞ் சொல் நம் மொழியில் இரு பொருள் பயப்பது. ஒன்று மலைச்சாரலில் விளையும் மணப்பொருள். மற்றொன்று போர்த்துகீசியர்வழி வந்த, விலை கூறி விற்கும் முறை. இவ்விரண்டும் ஒருங்கு கூடும் ஊர் போடிநாயக்கனூர். உடும்பன்சோலை முதலிய மலைகளில் விளையுங் காய், மேலே புற்றடியிலும் கீழே போடியிலும் நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னேல மன்றங்களில் விலை பெறுகின்றது.

2018 ஆகஸ்டுத் திங்களிற் பெய்த பெருமழையால் இடுக்கி மலைகள் சரிந்தன. ஏலச்செடிகள் அழுகியும் மண்ணோடு பெயர்ந்தும் அழிந்தன. ஓராண்டு கழித்து, 2019 ஆகஸ்டு 3ஆம் நாள், புற்றடி ஏலத்தில் உயர்தரக் காய் கிலோ ஒன்றுக்கு 7000 ரூபாயை எட்டிற்று. விவசாயிக்குப் பொற்காலம் பிறந்ததென மகிழ்ந்தோர் பலர். எவ்விவசாயிக்கு என வினவுகின்றோம். தோட்டஞ் சரிந்தவனிடம் விற்கக் காயில்லை. விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பேறி, போடிமெட்டு வழியே காயெடுக்கச் செல்லும் பெண்டிர்க்கோ, காய் குறையின் வேலைநாளுங் குறையும். அவ்விலையின் பயனை உண்டவன் கையில் இருப்பு வைத்திருந்தவனே.

இருப்பு வைத்தல் பாவமோ எனின், அன்று. அவன் கிடங்கு வாடகையும் வட்டியுங் கொடுத்தான். காய் பச்சை நிறம் இழக்குமென்னும் அச்சத்தையும் ஏற்றான். மேலும், ஏலம் அரிசியன்றே, அஃதின்றேற் பாயசம் மணமிழக்குமேயன்றி உயிர் மாயாதே என்பர் சிலர். உண்மை. 1943இல் வங்கத்தில் அரிசியைப் பதுக்கினோரோடு இவனை ஒப்பிடல் மிகை. போர்க்காலத்து அப்பஞ்சத்தில் 15 லக்ஷம் மக்கள் மாண்டனரென 1945இல் விசாரணைக் குழு கணித்தது. ஆயினும் ஈரிடத்தும் அடிப்படை ஒன்றே: ஒருவன் காத்திருக்க வல்லான், மற்றவன் காத்திருக்க மாட்டான். வெள்ளமும் போரும் இவ்விருவர்க்கும் இடையேயுள்ள தூரத்தைப் பெருக்குகின்றன. அத்தூரத்தையே ஊதியமாக்குதலை வணிகமென யாம் ஒப்போம்.

விலை வீழ்ச்சியிலும் இதுவே நிலை. 2020 மார்ச்சில் ஊரடங்கால் ஏலங்கள் நின்றன. மன்றம் மூடியிருக்குங்கால், கூலிக்கும் உரத்துக்கும் பணம் வேண்டுஞ் சிறு விவசாயி, கேட்டவன் கேட்ட விலைக்கே கொடுப்பான்.

யோசேப்பு எகிப்தில் தானியஞ் சேர்த்திலனோ என நம் சபையார் கேட்கக்கூடும். சேர்த்தான், உயிர்கள் பிழைத்தன. ஆயின் ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தை முற்ற வாசிப்போர், ஜனங்களின் பணமும், பின் கால்நடையும், பின் நிலமும் பார்வோனைச் சேர்ந்தமையையுங் காண்பர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளில் அப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றோம்!

நிற்க. கோதுமை, நெல் முதலிய ஏழு பொருள்களின் முன்பேர வணிகத்தை 2021 டிசம்பரில் செபி நிறுத்தியது. ஏலத்திற்கும் அத்தகைய தடையே மருந்தென யாம் கருதோம். தடையினால் எளியவன் காத்திருக்கும் வலிமை பெறான். அவனுக்கு வேண்டுவன கிடங்கும், அதில் வைத்த காயின்மேற் குறைந்த வட்டிக் கடனும். காயெடுக்கும் பெண்டிர்க்கு அடமானம் வைக்கக் காயுமில்லை. பேரிடர் ஆண்டில் விலை ஓரெல்லைக்கு மேல் ஏறுமாயின், கிலோவுக்குப் பத்து ரூபாய் பிடித்து, அவர்கள் வேலையற்ற நாட்களுக்கென ஒரு நிதி வைத்தல் வேண்டும். மன்றத்திற் கைமாறும் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் ஏறுதலின், பிடித்தல் அரிதன்று. ஏழாயிரத்திற் பத்து சுமையாகுமோவென்பதை, நம் பழைய மாணவருள் இத்தொழில் செய்வோர் அடுத்த ஆண்டு மலரிற் கூறுவாராக.