பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்

மாற்றுத்திறனாளி வீரர்களின் பதக்கங்களைக் கொண்டாடுகிறது நாடு. அவர்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் எண்ணை யாரும் படிப்பதில்லை.

புது தில்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் 2025 செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை உலக பாரா தடகளப் போட்டி நடந்தது. இந்தியாவுக்கு 22 பதக்கங்கள், அவற்றில் ஆறு தங்கம். அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் 29. 2021-இல் டோக்கியோவில் 19. 2016-இல் ரியோவில் நான்கு. 2012-இல் லண்டனில் ஒன்றே ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்று இருபத்தொன்பதாகப் பெருகிய கதை இந்திய விளையாட்டில் வேறெங்கும் சுலபத்தில் அகப்படாது.

ஆனால் ஸ்கோர் போர்டில் வீரரின் பெயருக்குப் பக்கத்தில் எஃப்46, டி12, எஃப்64 என்று ஏதோ எழுதியிருந்ததே, அது என்ன என்று கேட்டால் கைதட்டியவர்களில் பலர் விழிப்பார்கள். மழை வந்து ஆட்டம் தடைபட்டால் டக்வொர்த்-லூயிஸ் கணக்கைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்கில் வாதாடும் நாடு இது. பாரா விளையாட்டு என்றதும் மட்டும் கணக்கை மறந்துவிட்டுக் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறது. அந்த எண்ணைப் படிக்கத் தெரியாதவர் பார்ப்பது விளையாட்டை அல்ல, ஒரு சோகக் கதையின் சுப முடிவை.

எண்ணைப் படிப்பது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. தடகளத்தில் ஓட்டமும் தாண்டுதலும் ‘டி’. எறிதல் ‘எஃப்’. 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 20 அறிவுசார் குறைபாடு. முப்பதுகளில் மூளை முடக்குவாதம் போன்ற, தசைக் கட்டுப்பாட்டைப் பாதிக்கும் குறைபாடுகள். 40, 41 குள்ள உருவம். அதற்கு மேல் கை, கால் பாதிப்பு. ஐம்பதுகளில் இருப்பவர்கள் உட்கார்ந்தபடி போட்டியிடுபவர்கள். 61 முதல் 64 வரை செயற்கைக் கால் பொருத்தியவர்கள். பொதுவாக ஒரு வரிசைக்குள் எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாரிஸ் முடிவுகளைப் பார்த்தால் ஆட்டம் புரியும். சுமித் அன்டில் செயற்கைக் காலுடன் ஓடிவந்து ஈட்டியை 70.59 மீட்டர் எறிந்தார், எஃப்64. நவ்தீப் சிங் எறிந்தது 47.32 மீட்டர், எஃப்41. தரம்பீர் எறிந்தது ஈட்டியே இல்லை. பிடிமானம் அற்ற விரல்களால் உட்கார்ந்தபடி ஒரு மரக்கட்டையை 34.92 மீட்டர் எறிந்தார், எஃப்51. மூன்றும் தங்கம். இவற்றில் எது பெரியது என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. குத்துச்சண்டையில் 50 கிலோ வீரரை 90 கிலோ வீரரோடு மோத விடுவதில்லை அல்லவா, அதே நியாயம்தான்.

சில விளையாட்டுகளில் இந்த நியாயம் அழகாகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் ஒவ்வொருவருக்கும் பாதிப்பைப் பொறுத்து 1 முதல் 4.5 வரை புள்ளி. களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. எனவே பலசாலிகளை மட்டும் திரட்டி அணி அமைக்க முடியாது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கும் அணியில் இடம் தந்தே ஆக வேண்டும். டி11 ஓட்டத்தில் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்கிறார்கள், இலேசாக வெளிச்சம் தெரிபவருக்குக்கூட அந்தச் சலுகை கிடைக்கக் கூடாது என்பதற்காக. கையில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் ஓடும் வழிகாட்டி, வீரரை இழுக்கவும் கூடாது, அவருக்கு முன்னால் எல்லைக் கோட்டைத் தொடவும் கூடாது.

இந்த எண்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி பிரிட்டன் வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத் தண்டில் அடிபட்ட போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்து வந்தார். 1948 ஜூலை 29-ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த மருத்துவமனையில் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்கின் விதை அதுதான். மருத்துவமனையில் பிறந்ததால் வீரர்களைப் பிரித்த முறையும் மருத்துவமனை முறையாகவே இருந்தது. முதுகெலும்பில் எங்கே அடி, கால் எங்கே துண்டிக்கப்பட்டது என்று நோயாளியின் சீட்டைப் பார்த்துப் பிரித்தார்கள்.

1980-களில் இந்த முறை கேள்விக்குள்ளானது. 1992 பார்சிலோனா போட்டியை ஒட்டிப் புதிய முறை வேரூன்றியது. என்ன இழந்தார் என்பதை விட்டுவிட்டு, இந்த விளையாட்டில் இந்த உடலால் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். நோய் வேறாக இருக்கலாம். ஈட்டி எறியும்போது உடல் ஒரே மாதிரி இயங்கினால் இருவரும் ஒரே பிரிவு. சொல்வதற்குச் சின்ன மாற்றம். நோயாளி விளையாட்டு வீரர் ஆனது இந்த மாற்றத்தில்தான்.

இந்தியா இந்த வரலாற்றுக்குப் புதிது அல்ல. 1965 போரில் குண்டடி பட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர் 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது. ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் கிடைக்க நாடு 2008 வரை காத்திருந்தது. பேட்கருக்கு பத்மஸ்ரீ வந்தது 2018-இல். வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருது அவர் கைக்கு வந்தபோது தேதி 2025 ஜனவரி. நீந்தி முடித்து ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அலட்சியம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எண்ணே ஒரு வீரரின் வயதைத் தின்றுவிடுவதும் உண்டு. ராஜஸ்தானின் சூரு மாவட்டத்தைச் சேர்ந்த தேவேந்திர ஜஜாரியா சிறுவனாக இருந்தபோது மரமேறி மின்கம்பியைத் தொட்டு இடது கையை இழந்தவர். 2004-இல் ஏதென்ஸில் ஈட்டியை 62.15 மீட்டர் எறிந்து உலக சாதனையுடன் தங்கம் வென்றார். அப்போது வயது 23. அடுத்த பாராலிம்பிக் 2008-இல். அவருடைய எஃப்46 ஈட்டி எறிதல் போட்டிப் பட்டியலில் இல்லை. 2012-இலும் இல்லை. அவர் சோர்ந்துவிட்டாரா என்றால் இல்லை, 2013-இல் உலகப் போட்டியில் தங்கம் வென்றார். 2016-இல் அந்தப் பிரிவு திரும்ப வந்தது. 35 வயதில் 63.97 மீட்டர் எறிந்து தன் சாதனையைத் தானே முறியடித்துத் தங்கம் வாங்கினார். நடுவில் போன பன்னிரண்டு ஆண்டுகளுக்கு யாரிடம் போய் முறையிடுவது? நடத்த முடிகிற போட்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒரு பிரிவில் போதிய நாடுகளிலிருந்து போதிய வீரர்கள் இல்லையென்றால் அந்தப் பிரிவு விடுபட்டுப் போகும். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கு விலை கொடுப்பவர்தான் தனியாள்.

மானசி ஜோஷிக்கும் இதே அனுபவம். 2011-இல் சாலை விபத்தில் இடது காலை இழந்தவர். 2019 ஆகஸ்டில் பாசெல் நகரில் பி.வி. சிந்து உலக பாட்மின்டன் பட்டம் வென்ற அதே நாட்களில், அதே ஊரில், மானசியும் தன் பிரிவான எஸ்எல்3-இல் உலக சாம்பியன் ஆனார். பாட்மின்டன் பாராலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்ந்தது டோக்கியோவில். ஆனால் பெண்கள் எஸ்எல்3 ஒற்றையர் ஆட்டம் அங்கே சேர்க்கப்படவில்லை. உலக சாம்பியனுக்குத் தன் ஆட்டத்தை ஆட இடமில்லை. பாரிஸில் அந்தப் பிரிவு வந்தபோது ஆண்டுகள் ஓடியிருந்தன, பதக்கம் கிடைக்கவில்லை.

பிரிவு இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் பாரிஸே காட்டியது. கைப் பாதிப்பு உள்ளவர்களுக்கான எஸ்யு5 பெண்கள் ஒற்றையரில் துளசிமதி முருகேசன் வெள்ளி வென்றார். அரையிறுதியில் அவரிடம் தோற்ற மனிஷா ராமதாஸ் வெண்கலம் வென்றார். குள்ள உருவத்தினருக்கான எஸ்எச்6 பிரிவில் நித்யஸ்ரீ சிவனுக்கு வெண்கலம். மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். உயரம் தாண்டும் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவோ மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம், வெள்ளி, வெண்கலம் வாங்கியிருக்கிறார். ரியோவில் அவர் தாண்டிய போட்டியின் பெயர் டி42. அடுத்த இரண்டிலும் டி63. அவர் கால் மாறவில்லை, கணக்கு மாறியது.

கணக்கில் ஏமாற்று நுழையாமல் இருக்குமா? 2000-இல் சிட்னியில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. அணியின் 12 பேரில் 10 பேருக்கு அந்தக் குறைபாடே இல்லை என்று பிறகு தெரிந்தது. பதக்கம் பறிபோனது. அதோடு நிற்கவில்லை. அறிவுசார் குறைபாட்டுப் பிரிவுகளே பாராலிம்பிக்கிலிருந்து தூக்கப்பட்டு 2012-இல்தான் திரும்பி வந்தன. பத்துப் பேர் செய்த மோசடிக்கு, உலகெங்கும் உண்மையாகவே குறைபாடு உள்ள வீரர்கள் இரண்டு பாராலிம்பிக்குகளை இழந்தார்கள்.

இந்தியாவுக்கும் ஒரு கசப்பு உண்டு. டோக்கியோவில் வினோத் குமார் எஃப்52 வட்டு எறிதலில் வெண்கலம் வென்றார். போட்டிக்குச் சில நாள் முன்பு, அதே டோக்கியோவில்தான் மதிப்பீட்டுக் குழு அவருக்கு அந்த எண்ணைக் கொடுத்திருந்தது. மற்ற நாடுகள் ஆட்சேபித்தன. மறுநாள் மறுபரிசோதனை நடந்து, அந்தப் பிரிவுக்கு அவர் தகுதியில்லை என்று முடிவாகி, பதக்கம் ரத்தானது. மதிப்பீட்டின்போது தன் திறனை வேண்டுமென்றே தவறாகக் காட்டினார் என்று பின்னர் அவருக்குத் தடையும் விதிக்கப்பட்டது. எல்லைப் பாதுகாப்புப் படையில் பயிற்சியின்போது லேயில் பாறையிலிருந்து விழுந்து பல ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர் அவர். ஊனம் உண்மை. எண்தான் பொருந்தவில்லை.

இங்கேதான் இந்திய வீரர்கள் பலருக்குப் புரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசு மருத்துவர் 40 சதவீதம் என்று எழுதிவிட்டால் வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு முதல் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். சர்வதேச மைதானத்தில் அந்தச் சான்றிதழ் செல்லாது. அங்கே மதிப்பீட்டாளர்கள் வீரரைப் படுக்க வைத்து, உட்கார வைத்து, தசையைச் சோதித்து, எறிய வைத்து, பிறகு போட்டியிலும் கவனித்து முடிவு செய்வார்கள். சதவீதம் அவர்கள் அகராதியில் இல்லை. உள்ளூரில் பல ஆண்டுகள் பயிற்சி எடுத்த ஒருவர், கடன் வாங்கி வெளிநாட்டுப் போட்டிக்குப் போய், ‘உங்களுக்கு இங்கே பிரிவு இல்லை’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு திரும்பி வரக்கூடும். முதலிலேயே சரியாக மதிப்பிட்டுச் சொல்லியிருந்தால் அவர் வேறு விளையாட்டைத் தேர்ந்திருக்கலாம்.

பாரிஸில் தங்கம் வென்றவர்களுக்கு மத்திய அரசு 75 லட்சம் ரூபாய் கொடுத்தது. வெள்ளிக்கு 50 லட்சம், வெண்கலத்துக்கு 30 லட்சம். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பணம் வருவது பதக்கத்துக்குப் பிறகு. பதக்கத்துக்கு முன்னால் வேண்டியவை வேறு: மாவட்டத் தலைநகரில் பயிற்சி பெற்ற ஒரு மதிப்பீட்டாளர், சக்கர நாற்காலி ஏறக்கூடிய ஒரு சாய்தளம், ஓடுவதற்கென்றே செய்த செயற்கைக் கால், பயிற்சிக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம். முதலாவது கேலோ இந்தியா பாரா விளையாட்டு தில்லியில் நடந்தது 2023 டிசம்பரில். நல்ல தொடக்கம். பேட்கர் நீந்திய ஆண்டிலிருந்து எண்ணினால் மட்டும் கொஞ்சம் தாமதம்.

எந்தப் போட்டியும் தில்லியிலோ பாரிஸிலோ தொடங்குவதில்லை. பள்ளிக்கூடத்தின் விளையாட்டு பீரியடில் தொடங்குகிறது. காலைச் சாய்த்து நடக்கும் பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று எந்தப் பள்ளியிலும் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலும் மரத்தடியில் உட்கார்ந்து, ஓடப்போன பிள்ளைகளின் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொண்டிருக்கும். கேட்டால், அடிபட்டுவிடுமே என்று ஆசிரியர் அக்கறையோடு சொல்வார். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பிரிவு இருக்கிறது, அதற்கு ஓர் எண் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.