குகைக்கு வழி காட்டும் போட்டோ

மயிலாப்பூரில் எங்கள் மாடி வீட்டுக்காரர் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். விழுப்புரம் பக்கம் ஒரு குகையில் செல்போனில் எடுத்த போட்டோக்களை அதில் ஏற்றிக் காட்டினார். செங்காவியில் வரைந்த பழங்கால ஓவியங்கள்! இன்டர்நெட்டில் போடப் போகிறாராம். "இடத்தைச் சொல்லிடாதீங்க சார்" என்றேன். "ஊர் பேரே போடலையே!" என்றார்.

ஃபைல் மேல் ரைட் க்ளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் டீடெய்ல்ஸைத் திறந்தேன். ஜிபிஎஸ் என்ற தலைப்பில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தன. கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் இப்படித்தான். அந்த எண்களை கூகுள் மேப்ஸில் அடித்தால் குகை வாசலிலேயே கொண்டுபோய் விடும்.

"நாலு பேர் பார்த்தா நல்லதுதானே?" என்றார். தாராளமாக, சித்தன்னவாசலில் பார்க்கட்டும். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. காவல் இல்லாத பாறையில் ஒருவன் ஆணியால் காதலி பெயரைக் கீறிவிட்டால் போனது போனதுதான். அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரசு நிலத்திலுள்ள முக்கியக் குகைகளின் இருப்பிடத்தை அதிகாரிகளே பொதுவில் வெளியிடக் கூடாது.

அதற்காக யாரிடமும் சொல்லாமல் இருப்பதும் தப்பு. நாளை குவாரிக்காரர் வெடி வைத்தால் கேட்க ஆளிருக்காது. சொல்ல வேண்டிய இடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு தொல்லியல் துறை.

டீடெய்ல்ஸின் அடியில் 'ரிமூவ் ப்ராப்பர்டீஸ்' என்று ஒரு லிங்க் உண்டு. அதைக் க்ளிக் செய்தால் விவரங்கள் நீக்கிய காப்பி ஒன்று கிடைக்கும். அதைத்தான் இன்டர்நெட்டில் போட்டார். ஒரிஜினல் எழும்பூருக்கு.