கரிக்கும் கிணறு எந்தக் கணக்கில்?

ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்கள் உறவுக்காரர் ஒருவருக்குக் கிணறும் கொஞ்சம் தென்னையும் உண்டு. போன மாதம் போயிருந்தேன். "மழை பேஞ்சா ரெண்டு மாசம் தேவலைங்க மாப்பிள்ளை. அப்புறம் மறுபடி கரிக்குது" என்றார். எனக்குக் குடிக்கக் கொடுத்தது கேன் தண்ணீர். அதற்குக் காசு மகனுடைய சம்பளம். மகன் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். ஓட்டு வீடு மாடி வீடானதும், பேத்தி கல்லூரிக்குப் போவதும் அந்தச் சம்பளத்தில்தான்.

அப்பா இழந்ததும் மகன் சம்பாதித்ததும் ஒரே துணியிலிருந்து. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்நிறம் என்றால் லிட்டருக்கு ஐம்பது கிராமுக்கு மேல் போடுவார்கள். சாயம் துணியில் நிற்கும், உப்பு நிற்காது. கழிவுநீரோடு நொய்யல் ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அதைத் தேக்கி வைக்க, சுற்றுக் கிணறுகளில் உப்பு இறங்கியது. நொய்யல் பாசன விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று நீதிமன்றம் கெடு வைத்தும் நடக்காமல், 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அப்பாவின் பக்கம் தீர்ப்பு வந்த அன்று மகனுக்கு வேலை போனது. சில மாதம் அந்த வீட்டில் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

இந்த வீட்டின் வரவு செலவை எந்த அளவுகோலால் அளப்பது? ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்து நாடுகளை வரிசைப்படுத்தும் மனித வளர்ச்சிக் குறியீட்டை ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1990-இல் கொண்டுவந்தது. 2020-இல் அதிலிருந்து பூமிக்குத் தரும் பாரத்தைக் கழித்துப் பார்த்தார்கள். முதலிடத்திலிருந்த நார்வே பதினைந்து இடம் இறங்கியது. நேர்மையான முயற்சி, வரவேற்கிறேன். ஆனால் கழிப்பவை இரண்டுதான்: தலைக்கு எவ்வளவு கரியமில வாயு, எவ்வளவு மூலப்பொருள். திருப்பூர் டி-ஷர்ட்டை ஒரு நார்வேக்காரர் வாங்கினால், பஞ்சு அவர் நாட்டுக் கணக்கில் ஏறும். இங்கே எரித்த நிலக்கரியின் புகை நம் கணக்கில் ஏறும். உப்பு இறங்கிக் கிணறு கெட்டது இரண்டு கணக்கிலும் இல்லை. கேன் தண்ணீருக்குச் செலவழிக்கும் சம்பளமோ வருமானமாக, வரவில் நிற்கிறது.

பிறகு மீண்டும் திறந்த பட்டறைகள் இன்று கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகின்றன. பெரும் செலவில் செய்கிறார்கள், அது பெரிய காரியம். ஆனாலும் கடைசியில் பிரிக்க முடியாத கலவை உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து வற்றடிக்க எரிபொருளும் மின்சாரமும் கூடுதலாகப் போகின்றன. ஒரு பாரம் குறைந்த இடத்தில் இன்னொன்று ஏறியிருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால்தான் தெரியும்.

ஆண்டுதோறும் திருப்பூரின் ஏற்றுமதி எத்தனை ஆயிரம் கோடி என்று அறிவிக்கிறோம். அதே நாளில், அதே தாளில், நொய்யல் கரையின் ஒவ்வொரு ஊர்க் கிணற்றிலும் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்றும், சேர்ந்திருக்கும் கலவை உப்பு எத்தனை டன் என்றும் அச்சிட வேண்டும். என் உறவுக்காரர் தன் கிணற்று எண்ணைத் தர இன்றே தயார். மாசம் ஒருமுறை மகன்தான் மீட்டர் வைத்துப் பார்த்து, காலண்டரில் குறித்து வைக்கிறார்.